சாம்பிள் நேரத்துத் தண்ணீர்

நான் ரிட்டயர் ஆகிவிட்டேன். வயது முப்பத்திரண்டு. சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், எனக்கு அவசரமில்லை.

நான் படித்த கல்லூரியின் கெமிஸ்ட்ரி வாட்ஸப் குரூப்பில் ஒரு ஜூனியர் போன வாரம் கேட்டிருந்தாள்: "ரம்யாக்கா, நீங்க பாய்லர் வாட்டர்ல வேலை பாத்தீங்கள்ல? அதுல ஆராய்ச்சி பண்ண இன்னும் ஏதாச்சும் மிச்சம் இருக்கா? ப்ராஜெக்ட்டுக்கு ஒரு டாபிக் சொல்லுங்களேன்." அதற்குக் கீழே இன்னொருவன், "தண்ணிய சூடு பண்றதுல என்ன ஆராய்ச்சி, டீக்கடைல போய்க் கேளு" என்று போட்டிருந்தான். அதற்கு நாலு பேர் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மை வேறு. அவனுக்கு இரண்டு வரியில் பதில் கொடுக்கத்தான் போனை எடுத்தேன். இரண்டு வரியில் அடங்கவில்லை.

கொள்ளிடத்துக்கு வடக்கே, மக்காச்சோளத்திலிருந்து குளுக்கோஸ் எடுக்கும் ஒரு ஆலை. பெயர் வேண்டாம். அதன் பாய்லர் லேப்பில் நான் கெமிஸ்ட். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள்; அப்பா ஒர்க்‌ஷாப். ஷிஃப்ட் என்ற சொல் எங்கள் வீட்டில் சாம்பார் மாதிரி தினமும் புழங்கும். மற்றபடி பாய்லரைப் பற்றி எனக்குத் தெரிந்தது பூஜ்யம். ட்ரெய்னிங் காலத்தை விவரிக்கப் போவதில்லை. அதில் பெரும்பகுதி பாட்டில் கழுவியதுதான்.

பின்னால் வருவது புரிய இதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். பாய்லர் ஒரு பெரிய அடுப்பு. அந்த அடுப்பின் சுவர்களே இரும்புக் குழாய்கள். வெளியே நெருப்பு, உள்ளே தண்ணீர். குழாயின் உள்பக்கத்தில் இரும்பின்மேல் மெல்லிய கறுப்புத் தோல் ஒன்று தானாகவே உருவாகும். தோல் இருக்கும்வரை இரும்பு பிழைக்கும். தண்ணீர் காரத்தன்மையோடு இருந்தால் தோல் நிற்கும், அமிலமானால் தோல் போகும், பிறகு இரும்பு போகும். அதனால் மருந்து சேர்த்துத் தண்ணீரைக் காரமாகவே வைத்திருப்பார்கள். கொதிக்கக் கொதிக்க அழுக்கு சேரும் என்பதால், அவ்வப்போது அடி வால்வைத் திறந்து கொஞ்சம் தண்ணீரை வெளியே தள்ளுவார்கள். ஆபரேட்டர்கள் பாஷையில் அதற்கு "ஊதிவிடுறது" என்று பெயர். லேப்பில் நாங்கள் அந்தத் தண்ணீரைப் பிடித்து, ஃபீனால்ப்தலீன் சொட்டு விடுவோம். ரோஸ் நிறம் வந்தால் தண்ணீர் காரமாக இருக்கிறது, நிம்மதி. இதுதான் என் தொழில். எங்கள் ஸ்கூல் லேப்பிலேயே செய்ததுதான் என்று ஆரம்பத்தில் எனக்கு ஏகப்பட்ட இளக்காரம் இருந்தது.

லேப்பின் தலைமை மைதிலி மேடம். ஸ்ரீரங்கத்துக்காரர், ஐம்பதை நெருங்கியவர். கம்பெனி பஸ் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கிளம்பி, காவிரிப் பாலம் தாண்டி மாம்பழச்சாலையில் நிற்கும்போது ஏறுவார். டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோர சீட் அவருக்கு. வேறு யாரும் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எல்லோரையும் "நீங்க" என்றுதான் அழைப்பார். கேன்டீன் பூனையைக்கூட "நகருங்க" என்று சொல்லித்தான் தாண்டுவார். குரல் உயராது, முகம் மாறாது. திட்டினால் பரவாயில்லை என்று தோன்றும்.

ரீடிங்கைக் கொண்டுபோய்க் கொடுத்தால் "எவ்வளவு?" என்று கேட்க மாட்டார். "எப்படி எடுத்தீங்க?" என்பார். சேர்ந்த புதிதில் ஒரு நாள் குழாயைத் திறந்து, பாட்டிலை நிரப்பி, வேகமாக வந்து நின்றேன். ஒரு பார்வை பார்த்தார்.

"கொட்டிடுங்க."

"ஏன் மேடம்? இப்பத்தான் பிடிச்சேன்."

"குழாய்க்குள்ள நின்ன பழைய தண்ணி அது. பழைய தண்ணியப் பத்தி நான் கேக்கலையே."

பிறகு அவரே வந்து செய்தார். பாய்லரிலிருந்து வரும் கொதிநீர் ஒரு சுருள் குழாய் வழியாக இறங்கும். சுருளைச் சுற்றிக் குளிர்ந்த தண்ணீர் ஓடும். முதலில் குளிர்நீரைத் திறந்தார். சுருளைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். சாம்பிள் குழாயைத் திறந்து ஓடவிட்டார். ஓடிக்கொண்டே இருந்தது. நான் போனை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தேன், இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதே தண்ணீரில் பாட்டிலை அலசினார், மூடியை அலசினார், தன் விரல்களையும் அலசினார். பிறகு பாட்டிலின் அடிவரை மெல்லிய டியூபை இறக்கி, கீழிருந்து நிரம்பவிட்டு, வழியவிட்டு, ஒரு குமிழிகூட இல்லாமல் மூடினார். துணியால் துடைக்கவில்லை. துணியில் இருக்கிற உப்பு பாட்டிலுக்குப் போகுமாம்.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஆபரேட்டர் ஜெயபால் அண்ணன் என்னிடம் குனிந்து, "ஏம்மா கெமிஸ்ட்டு, ரங்கநாதருக்குத் திருமஞ்சனம்கூட இதவிட வெரசா முடிஞ்சிரும்போல" என்றார்.

மேடம் திரும்பாமலே சொன்னார்: "பெருமாளுக்குத் துரு பிடிக்காது ஜெயபால். உங்க பாய்லருக்குப் பிடிக்கும்."

ஜெயபால் அண்ணன் லால்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். அண்ணன் தம்பிகள் வயலில், இவர் மட்டும் பாய்லர் அட்டெண்டன்ட் சர்டிஃபிகேட் வாங்கி ஆலைக்கு வந்தவர். அந்த சர்டிஃபிகேட்டை லேமினேட் செய்து வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பதாக எல்லோரும் கிண்டல் செய்வார்கள். பிறகு ஒரு நாள் போய்ப் பார்த்தேன், உண்மைதான். ஆலையிலேயே அமைதியான ஷிஃப்ட் அவருடையது. அவர் ஷிஃப்ட் தண்ணீரில் ரோஸ் வராமல் இருந்ததே இல்லை. சொல்லப்போனால் யார் ஷிஃப்டிலும் வராமல் இருந்ததில்லை. ரீடிங் எல்லைக்கு வெளியே போனால் மேடம் அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போடுவார் என்று கேள்விப்பட்டிருந்தேன். நான் சேர்ந்த பிறகு ஒரு வட்டத்தைக்கூடப் பார்த்ததில்லை. எங்கள் பாய்லர் அவ்வளவு ஒழுங்கு என்று காலேஜ் ஃப்ரெண்ட்ஸிடம் அளந்துகூட விட்டிருக்கிறேன்.

ஒரு பிற்பகலில் அந்த ஒழுங்கான பாய்லரின் குழாய் வெடித்தது.

லேப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பிறகு ஒரு பெரிய சீறல், காதுக்குள் போய் நிற்கிற மாதிரி. ஓடிப்போய்ப் பார்த்தபோது பாய்லர் ஹவுஸ் முழுக்க வெள்ளையாக இருந்தது. உள்ளிருந்து இரண்டு பேர் ஜெயபால் அண்ணனைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். நெருப்பு எப்படி எரிகிறதென்று பார்க்கும் சின்னக் கதவின் முன்னால் அவர் நின்றிருக்கிறார். கதவு பிய்த்துக்கொண்டு ஆவி வெளியே பாய்ந்தபோது முகத்தை மறைக்க இரண்டு கைகளையும் தூக்கியிருக்கிறார். முகம் தப்பியது. முழங்கைக்குக் கீழே இரண்டு கையும் வெந்துபோயிருந்தது. அவர் கத்தவில்லை. "தீய நிறுத்தியாச்சா? தீய நிறுத்தியாச்சா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே போனார்.

அவர் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் காரணம் முடிவாகிவிட்டது. பாய்லர் ஹவுஸ் மேனேஜர் தனசேகரன் சார், "தண்ணி இறங்கியிருக்கு, ஆபரேட்டர் பாக்கல" என்றார். பாய்லரில் தண்ணீர் மட்டம் இறங்கினால் குழாய் காய்ந்து, பழுத்து, வெடிக்கும். அதனால் மட்டத்தைப் பார்ப்பதுதான் ஆபரேட்டரின் முதல் கடமை. வெடித்த பிறகு தண்ணீர் எப்படியும் வெளியேறிவிடும். வெடிப்பதற்கு முன்னால் இறங்கியதா என்பதுதான் கேள்வி, மட்டத்தைப் பதிவு செய்யும் கருவியோ அந்த வாரம் ரிப்பேர். குற்றம் உறுதியானால் ஜெயபால் அண்ணனுக்கு வேலை போகும், அந்த லேமினேட் செய்த சர்டிஃபிகேட்டும் போகும். ஆள் கட்டுப்போட்டுப் படுத்திருக்கும்போதே விசாரணை நோட்டீஸ் போனது.

பாய்லர் ஆறியதும் வெடித்த குழாயை வெட்டி எடுத்தார்கள். மேடம் அந்தத் துண்டைக் கேட்டு வாங்கினார். லேப் மேஜையில் வெள்ளைத் தாள் விரித்து அதன்மேல் வைத்து, விளிம்பில் விரலை ஓட்டினார்.

"தொட்டுப் பாருங்க."

தொட்டேன். விளிம்பு தடிமனாக இருந்தது.

"தண்ணியில்லாம காய்ஞ்சு வெடிச்சா இரும்பு இளகும். பலூன் மாதிரி உப்பி, மெலிஞ்சு, கடைசியில கத்தி முனையாட்டம் கிழியும். இது உப்பல, மெலியல. ஓடு உடைஞ்ச மாதிரி ஒரு துண்டு பேந்து விழுந்திருக்கு. உள்பக்கமா இருந்து அரிச்சு, இரும்பே நொறுங்கிப் போயிருக்கு."

எனக்கு ஒரே சந்தோஷம். "அப்போ ஜெயபால் அண்ணன் மேல தப்பில்ல! இத இப்பவே போய்க் காட்டுவோம் மேடம்!"

காட்டினோம். தனசேகரன் சார் துண்டைப் புரட்டிப் பார்த்தார். அவர் கெட்டவரில்லை. அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள், அவர்களுக்கு ஒரு பதில் தேவைப்பட்டது.

"மேடம், இரும்ப அரிக்கணும்னா தண்ணி அமிலமா இருக்கணும், இல்லையா?"

"ஆமா."

"உங்க ரிப்போர்ட்டுல ஒரு நாளாவது அமிலம் இருந்திருக்கா? நீங்க கையெழுத்துப் போட்டது, எல்லாம் நல்ல தண்ணி. தண்ணியும் நல்லா இருந்து, குழாயும் வெடிச்சிருக்குன்னா மிச்சம் இருக்கிறது யாரு? நீங்களே சொல்லுங்க."

மேடம் துண்டை வாங்கிக்கொண்டு திரும்பினார். ஜெயபால் அண்ணனுக்கு எதிரான சாட்சி எங்கள் ரீடிங்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆஸ்பத்திரிக்கு இருவரும் போனோம். இரண்டு கையும் கட்டோடு தலையணை மேல் இருந்தது. மனைவி மலர் அக்கா ஸ்பூனால் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம், வாங்க. மலரு, அந்த ஸ்டூல இழுத்துப் போடு. ஏம்மா கெமிஸ்ட்டு, நீயும் வந்தியா? எனக்குச் சொட்டு விட்டுப் பாரு, ரோஸ் வருதான்னு."

மலர் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்படியே பேசிக்கிட்டு இருக்காருங்க. நோட்டீஸ் வந்ததுலேர்ந்து ராவெல்லாம் தூங்கறதில்ல" என்றார்.

மேடம் நேராகக் கேட்டார். "ஜெயபால், தண்ணி இறங்குச்சா?"

"இல்ல மேடம். மட்டத்தக் கண்ணால பாத்துட்டுத்தான் அந்தப் பக்கம் போனேன். பாதிக்கு மேல நின்னுச்சு. எம் பொண்ணு மேல சத்தியம்."

"சத்தியம் வேண்டாம், நம்பறேன். தண்ணியில வேற ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுதா?"

"தண்ணிக்கென்ன மேடம், எப்பவும் போலத்தான். மில்லு முழு ஓட்டத்துல ஓடறப்ப கொஞ்சம் பாகு வாசம் அடிக்கும், கருகுன வெல்லம் மாதிரி. ஊதிவிட்டு, புதுத் தண்ணி ஏத்தி, மருந்து விட்டா போயிரும். நீங்க வர்றதுக்குள்ள சரி பண்ணிருவோம்."

"நான் வர்றதுக்குள்ளயா?"

"உங்க நேரம்தான் போர்டுல போட்டிருக்கே மேடம். அதுக்கு முன்னாடி நல்லா ஊதிவிட்டு, ரெண்டு மக்கு மருந்து சேத்து விட்டு, தண்ணிய சுத்தமா வச்சிருப்போம். பொண்ணு பாக்க வர்றாங்கன்னா வீட்டக் கூட்டிப் பெருக்க மாட்டமா? அந்த மாதிரி."

"எல்லாருமா?"

"எல்லா ஷிஃப்ட்டும்தான். நான் சேந்தப்பவே பழைய ஆளுங்க சொல்லிக் குடுத்தது. மேடம் அந்த அலம்பு அலம்பி, குமிழி இல்லாம பிடிக்கிறாங்க. அவங்க கையில போயி மோசமான தண்ணியக் குடுக்கிறதான்னு இருக்கும்ல? நீங்க சிவப்பு வட்டம் போட்டு எத்தன வருஷம் ஆச்சு, சொல்லுங்க பாப்போம்?"

பெருமையாகத்தான் சொன்னார். மேடத்துக்கு ஒரு நல்ல செய்தி சொல்வதாகவே நினைத்துச் சொன்னார். மேடம் அந்த ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் முகம் மாறி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கெமிஸ்ட்ரி படிப்பவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். ஆலைக்குள் போகும் ஆவி, பாகைச் சூடாக்கிவிட்டுத் தண்ணீராகிப் பாய்லருக்கே திரும்பி வரும். வழியில் எங்கோ ஒரு கசிவு. ஆலை முழு ஓட்டத்தில் இருக்கும்போது மட்டும் சர்க்கரை கொஞ்சம் கலந்து வந்திருக்கிறது. பாய்லர் சூட்டில் சர்க்கரை சிதைந்து அமிலமாகும். அமிலம், குழாய்க்குள் படிந்த அழுக்குக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு இரும்பைத் தின்றிருக்கிறது. பிறகு எங்கள் நேரம் நெருங்கும். ஊதிவிடுவார்கள், மருந்து சேர்ப்பார்கள். நாங்கள் பாட்டிலோடு போவோம், அலசுவோம், குமிழியில்லாமல் பிடிப்போம். ரோஸ் வரும்.

ஞாயிற்றுக்கிழமை உத்தர வீதியில் இருந்த மேடம் வீட்டுக்கு நானாகவே போனேன். அவருடைய அம்மா கதவைத் திறந்து, "லேப் பொண்ணா? வாங்கோ, உக்காருங்கோ. தீர்த்தம் கொண்டு வரட்டுமா?" என்றார். அந்த வீட்டில் குடிக்கிற தண்ணீருக்கும் அதுதான் பெயர். மேடம் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். ஆலையில் பேசுகிற பேச்சு அவருக்கு வீட்டில் கொஞ்சம் மாறும்.

"மேடம், குழாய் விளிம்ப மட்டும் சொல்லுங்க, போதும். ஊதிவிட்ட கதையச் சொன்னீங்கன்னா சாம்பிள்ல மோசடின்னு அத்தன ஆபரேட்டருக்கும் மெமோ குடுப்பாங்க. முதல் மெமோ ஜெயபால் அண்ணனுக்குத்தான்."

"விளிம்பச் சொன்னா, அமிலம் எங்கேன்னு கேப்பா. என் ரிப்போர்ட்டுலதான் அமிலமே இல்லையே."

"உண்மையச் சொன்னா நீங்க போட்ட ரிப்போர்ட் அத்தனையும் குப்பைன்னு நீங்களே சொல்ற மாதிரி ஆகும்!"

கொஞ்சம் கத்திவிட்டேன். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. மேடம் என்னையே பார்த்தார்.

"வெடிச்ச அன்னிக்குக் காலம்பற ரோஸ் வந்துதா?"

"வந்துச்சு."

"நம்பினேளா?"

"நம்பினேன்."

"நானும்தான்" என்றார். "என் ரீடிங் நன்னா இருக்கட்டும், ஆனா அதுக்காக ஒருத்தருக்கு வேலை போகக்கூடாது" என்றார். அவ்வளவுதான். பிறகு காபி வந்தது.

குழாயை மாற்றிப் பாய்லரை மறுபடி பற்றவைத்து, ஆலை முழு ஓட்டத்துக்கு வந்த ஒரு நாள், மேடம் திடீரென்று பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தார். சாம்பிள் நேரம் இல்லை. நானும் பின்னால் போனேன். அங்கிருந்த ஆபரேட்டர் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"மேடம்... இன்னும் நேரம் ஆகலியே?"

"தெரியும்."

"ஒரு அஞ்சு நிமிஷம் அப்படி நிழல்ல நில்லுங்க மேடம், இந்தா வந்துர்றேன்" என்று அடி வால்வுப் பக்கம் வேகமாக நடந்தார்.

"எங்க போறீங்க?"

"சும்மா... கொஞ்சம் ஊதி..."

"வேண்டாம். இருக்கிறபடியே குடுங்க."

குழாயைத் திறந்ததுமே வாசம் வந்தது, அடிப்பிடித்த வெல்லப்பாகு. மேடம் வழக்கம்போல ஓடவிட்டார், அலசினார், நிரப்பினார். லேப்பில் நான் சொட்டு விட்டேன். கலங்கலாக இருந்த தண்ணீர் நிறம் மாறவில்லை. இன்னொரு சொட்டு. ஃபீனால்ப்தலீன் பழசாகியிருக்குமோ என்று புது பாட்டிலைத் திறந்து சொட்டினேன். ரோஸ் வரவில்லை. வேறு முறையிலும் சோதித்தோம், அமிலம்தான். அந்த ஆபரேட்டர் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "எங்கள மாட்டி விட்டுட்டீங்களே மேடம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

விசாரணை கான்ஃபரன்ஸ் ஹாலில் நடந்தது. வெளியிலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார், நல்ல அனுபவசாலி. தனசேகரன் சார் அவருக்கு வலப்பக்கம். ஜெயபால் அண்ணன் கைக்கட்டோடு எதிரில். லேப் சாட்சியாக மேடமும் நானும். மலர் அக்கா வெளியே வராந்தாவில்.

மேடம் குழாயைக் காட்டினார், விளிம்பை விளக்கினார், நேரம் தப்பி எடுத்த சாம்பிளின் முடிவைச் சொன்னார். தண்ணீர் மட்டம் இறங்கி வெடித்த குழாய் இது இல்லை என்றார். அதிகாரி தலையசைத்தார். பிறகு கேட்டார்.

"அப்படின்னா இத்தனை வருஷமா நீங்க குடுத்த ரிப்போர்ட்?"

"அது சாம்பிள் எடுத்த நேரத்துத் தண்ணியோட ரிப்போர்ட் சார்."

"மத்த நேரத்துல தண்ணி எப்படி இருந்துச்சு?"

"தெரியாது."

"தெரியாதுன்னா எப்படி மேடம்? நீங்கதானே கெமிஸ்ட்?"

"கெமிஸ்ட்டுங்கிறதாலதான் சொல்றேன். அளக்காதது தெரியாது."

தனசேகரன் சார் முன்னால் குனிந்தார். "அப்போ ஆபரேட்டருங்க எல்லாம் சேந்து சாம்பிள்ல உங்கள ஏமாத்திருக்காங்க. ஜெயபாலும் சேத்துத்தான். அப்படி எழுதிக்கலாமா?"

நான் பயந்த இடம் வந்துவிட்டது. ஜெயபால் அண்ணன் தன் கட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் தனசேகரன் சார் பக்கம் திரும்பினார்.

"இல்ல சார். நேரத்தப் போர்டுல எழுதிப் போட்டது நான். எல்லைய மீறினா சிவப்பு வட்டம் போட்டது நான். வட்டம் போட்ட அன்னிக்கெல்லாம் அவங்க வாங்கின திட்டும் எனக்குத் தெரியும். நல்ல தண்ணியப் பாத்தா எனக்குத் திருப்தின்னு அவங்களுக்குத் தெரிஞ்சுது, அதக் குடுத்தாங்க. இருக்கிற தண்ணி எதுவோ அதக் குடுங்கன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல. இதுல ஏமாத்தினதுன்னு எழுதணும்னா என் பேர எழுதிக்கோங்க."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார்.

ஜெயபால் அண்ணன் மீதிருந்த குற்றச்சாட்டு நீங்கியது, சர்டிஃபிகேட்டும் பிழைத்தது. உத்தரவை வராந்தாவில் நான்தான் மலர் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். மேடத்துக்கு எழுத்தில் ஒரு கண்டனம் வந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்த பொறுப்பு இன்னொருவருக்குப் போனது, ஆனாலும் லேப்பில்தான் இருந்தார். போர்டைத் தன் கையாலேயே அழித்தார்.

ஆக, ஜூனியர் கண்மணிகளே, ஆராய்ச்சிக்கு என்ன மிச்சம் என்று கேட்டீர்கள். கேளுங்கள். அந்தச் சம்பவத்தால் கம்பெனி நிமிடத்துக்கு நிமிடம் தண்ணீரை அளக்கும் மீட்டர்களை வாங்கியது. மீட்டர் வந்ததும் ஷிஃப்ட் கெமிஸ்ட் தேவையில்லை என்று எங்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். விருப்பம் அவர்களுடையது, ஓய்வு என்னுடையது. நியாயமாகப் பார்த்தால் மீட்டர் வந்தது சரிதான். ஆனால் மீட்டர் அளப்பதும் சுருளில் ஆறிய தண்ணீரைத்தான். பாய்லர் சூட்டில் அதே தண்ணீரின் குணம் வேறு. குழாய்ச் சுவரில், ஒரு தாள் கனத்துக்குப் படிந்த அழுக்குக்கு அடியில் என்ன நடக்கிறது என்று எந்த மீட்டரும் பார்ப்பதில்லை. மேலே தண்ணீர் நன்றாக இருக்கும்போதே அடியில் அமிலம் எவ்வளவு காலம் தங்கும்? எவ்வளவு நேரம் தங்கினால் இரும்பு நொறுங்கும்? குழாயை வெட்டாமலே அதைத் தெரிந்துகொள்ள முடியுமா? இன்றைக்குப் புதிது புதிதாக மருந்து விற்கிறார்கள். அந்தச் சூட்டில் அவை சிதைந்து என்னவாகின்றன? புத்தகத்தில் கொஞ்சம் இருக்கிறது. எங்களைப் போன்ற நடுத்தர ஆலைகளின் பழைய பாய்லர்களுக்கு எது பொருந்தும் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். இதில் எதை எடுத்தாலும் டாபிக்தான். ஈஸி என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

மீட்டர் வருவதற்கு முன் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

ஜெயபால் அண்ணன் குணமாகி வேலைக்கு வந்தார். கைகளின் தோல் இழுத்துக்கொண்டு பளபளவென்றிருந்தது, வலது கை விரல்கள் முழுசாக மடங்காது. வால்வைத் திருப்ப உதவிக்கு இன்னொருவரைப் போட்டார்கள். சக ஆபரேட்டர்கள் அவரோடு சரியாகப் பேசவில்லை. ஊதிவிடுகிற கதையைச் சொன்னது அவர்தான் என்று எல்லோருக்கும் தெரியும். கேன்டீனில் அவர் வந்து உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகும். எங்களைப் பார்த்தால் ஒரு கும்பிடு, அவ்வளவுதான். கிண்டல் நின்றுபோனது. மேடம் இப்போது இஷ்டப்பட்ட நேரத்தில் சாம்பிள் எடுக்கப் போவார். ஆனாலும் பாட்டிலோடு நாங்கள் லேப்பை விட்டு இறங்கும்போதே யாராவது பாய்லர் ஹவுஸுக்குச் சொல்லிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். பழக்கம் போர்டை அழித்தால் அழிகிறதா என்ன?

பாகு எங்கே கசிகிறது என்பதும் இன்னும் பிடிபடவில்லை. ஒரு நாள் ஆலை முழு ஓட்டத்தில் இருந்தது. லேப் போன் அடித்தது, நான் எடுத்தேன்.

"ஏம்மா கெமிஸ்ட்டு, மேடம் இருக்காங்களா?"

"இருக்காங்கண்ணே. என்ன விஷயம்?"

"தண்ணி கெட்டுருச்சு. பாகு வாசம் அடிக்குது. இப்பவே வரச் சொல்லு. இங்க ஆளுக ஊதிவிடுன்னு நெருக்குறாங்க."

மேடத்திடம் சொன்னேன். நிதானமாக நடப்பவர், அன்றைக்குப் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார். செருப்புச் சத்தம் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

பாய்லர் ஹவுஸில் ஜெயபால் அண்ணன் அடி வால்வுக்கு முதுகைக் கொடுத்து, அதன் சக்கரத்தை மறைத்து நின்றுகொண்டிருந்தார். அவருக்கு எதிரில் மூன்று நான்கு பேர். ஒருவர் கோபமாக, "ப்ரொடக்‌ஷன் நின்னா நீதான்யா பதில் சொல்லணும்" என்று கத்திக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

அண்ணன் நகரவில்லை. மடங்காத விரல்களால் சாம்பிள் குழாயைக் காட்டினார்.

"தொடல மேடம். இருக்கிறபடியே இருக்கு."

மேடம் குளிர்நீரைத் திறந்தார். புறங்கையால் சுருளைத் தொட்டுப் பார்த்தார். சாம்பிள் குழாயைத் திறந்து ஓடவிட்டார். அது ஓடி முடிகிற வரைக்கும் அங்கே யாரும் பேசவில்லை.